ஆரணிக்கு ரத்தம் எடுக்கப் போனேன்

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்கு முதல் சண்டை ஒரு போர்ட்டரோடு. என் மரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். பெட்டிக்குள் இருந்தது அத்தனையும் கண்ணாடிக் குழாய். "ஐயா, மெதுவா, உள்ள கண்ணாடி!" என்று பின்னாலேயே ஓடினேன். "எல்லாம் தெரியும்மா. பட்டு மூட்டையே தூக்கிகினு இருக்கறவன் நானு" என்றார். பட்டு மூட்டை விழுந்தால் உடையாது என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? லாட்ஜ் வாசலில் அவர் பெட்டியை இறக்கிய அழகில் நாலைந்து குழாய்கள் போயின. கூலியை மட்டும் குறைக்காமல் வாங்கிக்கொண்டார்.

எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருஷம் அது. நான் பம்பாயில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கர்ப்பிணிகளுக்குப் போடும் ரணஜன்னித் தடுப்பூசி, அதாவது டெட்டனஸ் ஊசிதான் எங்கள் ஆராய்ச்சி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய்க்கு இரண்டு ஊசி போட்டால் அவள் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அது கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். பிறந்து ஒரு வாரத்தில் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போகிற பிள்ளைகளை அப்படிக் காப்பாற்றலாம். வேறு எந்த மந்திரமும் வேண்டாம்.

பல ஊர்களிலிருந்து ஊசி போட்ட பெண்களின் ரத்தம் எங்களுக்கு வரும். எல்லா ஊர் ரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆரணி நெசவுத் தெருக்களிலிருந்து வந்ததில் மட்டும் ஒன்றுமில்லை. இரண்டு ஊசி போட்டுக்கொண்ட பெண்கள்தான் எல்லாரும். நானே திரும்பத் திரும்பச் சோதித்தேன். குழாய்த் தண்ணீரைச் சோதித்த மாதிரி இருந்தது.

எங்கள் டைரக்டருக்கு உடனே ஞானம் பிறந்துவிட்டது. "ஊட்டச்சத்து இல்லாத பெண்கள். அவர்கள் உடம்பு தடுப்பூசியை ஏற்பதில்லை" என்றார். அதை வைத்து ஒரு கட்டுரையும் எழுத ஆரம்பித்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கட்டுரை என்றால் சர்க்கரைப் பொங்கல். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. தாராவியில் இதைவிட வற்றிப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ரத்தம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. "அப்படியானால் நீயே போய் இன்னொரு முறை ரத்தம் எடுத்து வா" என்று அனுப்பிவிட்டார். தமிழ்ப் பெண், தமிழ் ஊர், போய் வரட்டும் என்று நினைத்திருப்பார்.

லாட்ஜில் காபி என்று ஒன்று கொடுத்தார்கள். மாதுங்காவில் இருந்துகொண்டு நல்ல டிகாஷன் காபிக்குப் பழகிய நாக்கு, ஒரு வாய்க்கு மேல் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. இட்லியும் காரச் சட்னியும் மட்டும் குறை சொல்ல முடியாது. மேஜை துடைத்த பெரியவர், "எங்கருந்து வந்துகினு இருக்கீங்க? வூட்டுக்காரரு வரலியா?" என்று கேட்டார். எனக்கு வீட்டுக்காரர் இல்லை என்றேன். இன்னொரு இட்லியைக் கேட்காமலேயே வைத்துவிட்டுப் போனார். அனுதாபமாம்.

அன்று மாலை சுகாதார மேற்பார்வையாளர் என்னைப் பார்க்க வந்தார். இந்த ஊரில் ஊசி போடும் முகாம்களை நடத்துகிறவர் அவர்தான். பெயர் வேண்டாம். சஃபாரி சட்டை, பையில் மூன்று பேனா, கையில் ஆற்காடு மக்கன் பேடா. பேடா நன்றாகத்தான் இருந்தது. அவர் பேச்சுத்தான் சகிக்கவில்லை.

"இதுங்களுக்கு இன்னா சொன்னாலும் மண்டையில ஏறாது மேடம். கூழ் குடிச்சிகினு பட்டு நெய்யுதுங்க. ஒடம்புல ரத்தம் இருந்தாத்தானே ஊசி புடிக்கும்? உங்க டைரக்டர் சார் கரெக்டா சொல்லிட்டாரு."

"இதுங்கன்னு யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நெசவாளி பொம்பளைங்கதான் மேடம்" என்று பொறுமையாக விளக்கினார்.

மறுநாள் காலை என்னை ஜீப்பில் அழைத்துப் போனார். நெசவுத் தெருவுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜீப் நாலு வீடு தாண்டுவதற்குள் யாரோ விசில் அடித்தார்கள். சத்தம் நின்றது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு கோழி மட்டும் நடுவில் நின்று எங்களைப் பார்த்தது.

"ஏன் இப்படி ஓடுறாங்க?" என்றேன்.

"போன கவர்மென்ட்டுல ஆபரேஷனுக்கு ஆள் புடிச்சோம் இல்ல மேடம், அந்த பயம்."

"அப்பவும் இந்த ஜீப்பா?"

"இதேதான் மேடம். இன்ஜின் இன்னும் நல்லா இருக்குது."

நான் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். இனிமேல் இந்த வண்டி இந்தத் தெருவுக்குள் வரக் கூடாது, நீங்களும் என்னோடு வர வேண்டாம் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. போகட்டும். ஆளை அமுக்கிப் பிடித்துக் கருத்தடை செய்த வண்டியிலேயே வந்து, பிள்ளையைக் காப்பாற்ற ஊசி போடுகிறோம் என்றால் எந்த மடையன் நம்புவான்? அப்படியும் இந்தப் பெண்கள் நம்பி வந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊசி போட்டவர்கள் என்று என் கையில் இருந்த பெயர்ப் பட்டியலே அதற்குச் சாட்சி. அவர்களைத்தான் மண்டையில் ஏறாதவர்கள் என்கிறார் இந்த மனிதர்.

நடந்தே போய்க் கதவு கதவாகத் தட்டினேன். பாதி வீட்டில் திறக்கவில்லை. திறந்த வீடுகளில் மோர் கொடுத்தார்கள், பாய் போட்டார்கள், எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்தார்கள். ரத்தம் என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

சுலோச்சனாவை அப்படித்தான் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஆறு மாதக் கர்ப்பம். அவள் கணவன் முருகேசன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து புடவையின் கரைக்கு ஊடு நூல் ஓட்டும் கட்டையை, நாடாவை, தள்ளிக்கொண்டிருந்தாள். கரையும் உடம்பும் வேறு வேறு நிறமாக வருகிற சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்தால் இன்னொருவருக்கும் வேலை இல்லை. அதனால் நான் நின்றுகொண்டு பேசினேன், அவர்கள் நெய்துகொண்டே பதில் சொன்னார்கள்.

"போன தடவ ரெண்டு ஊசியும் போட்டுகினேங்க" என்றாள். "கை வீங்கிப்போயி நாடா தள்ள முடியல. இவரு திட்டினாரு. பாவு தறியில நிக்குது, முதலாளி கேப்பாரு, இப்பப் போயி ஊசியான்னு. நான்தான் அடம் புடிச்சிப் போனேன்."

"ஆமா, போனா" என்றான் முருகேசன், தறியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "போயி இன்னா ஆச்சி?"

ஆண் பிள்ளை பிறந்தது. ஒரு வாரம் நன்றாகப் பால் குடித்தது. பிறகு ஒரு காலையில் வாய் திறக்கவில்லை. தொட்டால் விறைத்தது. கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் வளைந்தது. தறியை நிறுத்தச் சொன்னாளாம் இவள், தறிச் சத்தம் கேட்டும் பிள்ளை விறைக்கிறது என்று. முருகேசன் மட்டும் இல்லை, பக்கத்து வீடுகளிலும் நிறுத்தினார்களாம். மூன்று நாள் அந்த வரிசையில் யாருமே நெய்யவில்லை. பிள்ளை போய்விட்டது.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நாடா போய் வந்துகொண்டிருந்தது.

"ஊசி முகாம் நடத்தற அந்த சாரு அப்பறமா வந்து சொன்னாருங்க. என் ஒடம்பு ஊசிய ஏத்துக்கலியாம். ரத்தத்துல சத்து இல்லியாம். பம்பாயிலயே டெஸ்ட்டு பண்ணிச் சொல்லிட்டாங்களாம்."

பம்பாய் என்றால் நாங்கள். அந்தச் சோதனையைச் செய்தது நான். எங்கள் டைரக்டரின் ஞானம் எனக்கு முன்னாலேயே ஆரணிக்கு வந்து, ஒரு தாயின் தலையில் இறங்கியிருந்தது. பாவி மனுஷன், அச்சில் வரும்வரை கூடப் பொறுக்கவில்லை.

உள்ளேயிருந்து மாமியார் வெளியே வந்தாள். "முருங்கக் கீரை, பீட்ரூட்டு, பேரிச்சம்பழம், எல்லாம் போட்டுப் பாத்தாச்சிம்மா. ஒடம்பு வாக்கு அப்பிடி. இதுவும் தங்கலன்னா, எம்புள்ளைக்கு வேற எடத்துல பாக்க வேண்டியதுதான்" என்றாள். மருமகள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். முருகேசன் பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தான். எனக்கு அவனை அந்தத் தறிக்குழியிலிருந்து காதைப் பிடித்துத் தூக்க வேண்டும் போலிருந்தது.

அன்று ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை. லாட்ஜுக்குத் திரும்பியும் அதே யோசனை. நோஞ்சானோ இல்லையோ, ஒரு தெருவில் ஒருத்தி உடம்பாவது ஊசியை ஏற்றிருக்க வேண்டாமா? அத்தனை பேர் உடம்பும் சொல்லிவைத்தாற்போல ஏற்காமல் இருக்குமா? உடம்பைப் பார்த்தது போதும், மருந்தைப் பார்ப்போம் என்று தோன்றியது. முன்னாலேயே தோன்றியிருக்கலாம்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளரிடம், மருந்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். அரசாங்கம் கொடுத்த ஃபிரிட்ஜ் ரிப்பேராகி வருஷக்கணக்கில் கிடக்கிறதாம். "ஆனா நான் விட்டுடல மேடம். ஊர்லயே பெரிய ஃபிரிட்ஜா பாத்து வச்சிருக்கேன்" என்று ஒரு பட்டு முதலாளி வீட்டுக்கு அழைத்துப் போனார்.

முதலாளி கடையில் இருந்தார். வீட்டு அம்மாள் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். ஆரணியில் குடித்த நல்ல காபி அது ஒன்றுதான். பிறகு ஹாலில் நிறுத்தியிருந்த ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். தயிர்ச் சட்டி, பால், வெற்றிலை, சாமிக்குக் கட்டிய பூ. மருந்தைக் காணோம்.

"மருந்து எங்கம்மா?" என்றேன்.

"அது மேலங்க" என்று சொல்லி, உள்ளே உச்சியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தாள். பனிக்கட்டி அறை. அதற்குள் ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் ரணஜன்னித் தடுப்பூசிப் புட்டிகள் வரிசையாக நின்றன. கல் கல்லாக உறைந்து போய்.

இந்த மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. உறைந்தால் செத்துவிடும். பாவம், நம் ஊர் வெயிலைக்கூட அது கொஞ்ச நாள் தாங்கும்.

"இங்க ஏம்மா வச்சீங்க?"

"எங்க வூட்ல முட்டகூட உள்ள வராதுங்க" என்றாள் அந்த அம்மாள். "இது குதிர ரத்தத்துல எடுத்த மருந்துன்னு சார் சொன்னாரு. தயிரு, சாமிப் பாலு பக்கத்துல எப்பிடிங்க வைக்கறது? நாலு பேரு புள்ளைங்களுக்கு ஒதவுற மருந்தாச்சே, மாட்டேன்னும் சொல்ல முடியாது. அதான் தனிக் கதவு போட்ட எடமா பாத்து வச்சேன். தெனம் தொறந்து பாத்துடுவேங்க. ஒண்ணுகூட உருகவுட்டதில்ல."

அவளைத் திட்டி என்ன பயன்? அவளுக்குத் தெரிந்த வரையில் அசுத்தத்தையும் சேர்க்கவில்லை, உதவியையும் மறுக்கவில்லை. நான் மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தேன்.

"குதிரை ரத்தம்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"ரணஜன்னி மருந்து குதிரையிலருந்துதானே மேடம்..."

"அது நோய் வந்தப்புறம் போடுறது! இது வராம தடுக்கிறது! இதுக்கும் குதிரைக்கும் என்னய்யா சம்பந்தம்? மருந்து வந்த அட்டைப் பெட்டி மேலேயே அச்சடிச்சிருக்கே, உறைய வைக்காதேன்னு. மூணு பேனா வச்சிருக்கீங்களே, ஒரு வரி படிக்கக் கூடாதா?"

"ஐஸ்ல வச்சா இன்னும் நல்லாத்தானே இருக்கும்னு... முகாம் அன்னிக்குக் காலையில எடுத்து வெயில்ல வச்சி எளக்கிட்டுத்தான் மேடம் போடுவோம்."

வெயிலில் வைத்து இளக்குவாராம். என்ன கரிசனம்! ஒரு புட்டியைக் கையில் பொத்தி வைத்துக் கரைத்து, ஆட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல மருந்து ஆட்டினால் பால் கலந்த தண்ணீர் மாதிரி கலங்கி அப்படியே நிற்க வேண்டும். இது திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு நாளாக இங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். முகாம் ஆரம்பித்ததிலிருந்தே என்றார்.

வாசலுக்கு வந்ததும் அவர் குரல் மாறியது. "மேடம், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்திகூட ஊசிக்கு வரமாட்டா. எல்லாப் புள்ளைங்களும் சாவும். அதுக்கு நீங்கதான் காரணம் ஆவீங்க. கம்முனு புது மருந்து வாங்கிப் போட்டுடலாம். போனது போச்சி."

அவர் பிழைக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொன்னதில் பாதி நிஜம் என்று எனக்கும் உறைத்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நேராகத் தபால் ஆபீசுக்குப் போய் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்க மத்தியானம் ஆயிற்று. அங்கே பெஞ்சில் மணியார்டருக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டரிடம் நடந்ததைக் கத்திக் கத்திச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னதன் சாரம் இது: "அந்தப் பெண்களுக்கு ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. பிறகென்ன, கட்டுரையில் பொய் ஒன்றும் இல்லையே. நீ ரத்தத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்."

"அந்தப் பெண்ணிடம் உன் உடம்புதான் பிள்ளையைக் கொன்றது என்று சொல்லியிருக்கிறார்கள், சார்!" என்று அலறினேன். லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, தானாகவே போனதா தெரியாது.

"கட் ஆயிடுச்சிம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். "நீங்க கத்தின கத்துக்கு போனே தேவையில்ல, பம்பாய்க்கு நேராவே கேட்டிருக்கும்."

நாலாம் நாள் வேலூருக்கு ஓடினேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி டாக்டராக இருந்தாள். நல்ல மருந்து வாங்கி, துணியில் சுற்றி, ஐஸ் மேலே படாமல் ஃபிளாஸ்க்கில் வைத்து மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும் புகை விட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் பானெட்டைத் திறந்துவிட்டு மரத்தடியில் போய் பீடி பற்றவைத்தார். பம்பாயாக இருந்தால் அடுத்த பஸ் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். இங்கே அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால், "வரும்மா, பேஜார் பண்ணாத" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் கலசப்பாக்கத்துக்காரி ஒருத்தி, இடுப்பில் குழந்தை. அது தாகத்தில் சிணுங்கியது. "ஃபிளாஸ்க்குல தண்ணி வச்சிகினு இருக்கியே, புள்ளைக்கு ஒரு வாய் ஊத்தும்மா" என்றாள்.

"இது தண்ணி இல்ல, மருந்து" என்றேன்.

"ஊத்த மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லு. எதுக்கு மருந்து கிருந்துன்னுகினு" என்றாள். பஸ் மொத்தமும் என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் எழுந்து போய் ஒரு வயற்காட்டு பம்ப்செட்டில் அவள் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்த ஃபிளாஸ்க்கை அப்போதும் கீழே வைக்கவில்லை. பிறகு மாங்காய் லாரி ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரணி வந்து சேர்ந்தேன். "ஜல்தி போப்பா" என்று வழி முழுக்க அவரைப் பிடுங்கி எடுத்தேன். என்னைப் பெற்ற தகப்பனாக இருந்தாலும் இறக்கிவிட்டிருப்பார், அவர் பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சுலோச்சனா வீட்டுக்குப் போனபோது எனக்கு முன்னால் மேற்பார்வையாளர் சைக்கிளில் வந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாலேயே கெஞ்சினார். நான் உள்ளே போய் தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"சுலோச்சனா, உன் உடம்புல ஒரு குறையும் இல்ல. உனக்குப் போட்ட மருந்து செத்த மருந்து. ஐஸ்ல வச்சுக் கெடுத்துட்டோம். நாங்க பண்ண தப்பு. அந்த ஊசியை என் கையில போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

நாடா நின்றது. அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. முருகேசனைப் பார்த்தாள். பிறகு, "அப்ப எம்மேல தப்பு இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எங்க மாமியார்கிட்ட சொல்லுங்க."

மாமியார் அடுப்படி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் திரும்பவும் சொன்னேன். சுலோச்சனாவுக்கு அது போதவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். "இங்க சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க. எல்லாரும் எனக்கு ரத்தம் கெட்டுப்போச்சின்னுதான் சொல்லிகினு இருக்காங்க."

நடுத்தெருவில் நின்று சொன்னேன். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருத்தி, "எனக்கும் அதே ஐஸ் மருந்துதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பிள்ளையும் போயிருந்தது. இன்னொருத்தி மேற்பார்வையாளரின் சைக்கிளை எட்டி உதைத்தாள். அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி உருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். என் மேல் மண்ணை வாரித் தூற்றினாலும் சரி, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

முருகேசன்தான் முதலில் வந்தான். "இனிமே ஒரு ஊசியும் வேணாம். உங்க சகவாசமே வேணாம். கெளம்புங்க" என்றான்.

"நீ சும்மா இரு" என்றாள் சுலோச்சனா. அந்தத் தெருவில் ஒரு பெண் தன் புருஷனை வெளியில் வைத்து அப்படிச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள் போல, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போன தடவ நான் நம்பிப் போனேன். ஏமாத்திட்டாங்க. அதுக்காவ இதயும் வுட்டுட முடியுமா? அந்த மருந்து எங்கங்க? காட்டுங்க."

ஃபிளாஸ்க்கைத் திறந்து புட்டியை எடுத்து ஆட்டிக் காட்டினேன். கலங்கி, அப்படியே நின்றது. அவள் வாங்கித் தானும் ஒருமுறை ஆட்டி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். போட்டேன். பழக்கத்தில் ரத்தம் எடுக்கக் கண்ணாடிக் குழாயையும் கையில் எடுத்துவிட்டேன்.

"அது கெடையாது" என்றாள். "ஊசி போடுங்க. ரத்தம் தரமாட்டேன். ஒருவாட்டி குடுத்தேன். அத வச்சிகினு இன்னா சொன்னீங்கன்னு தெரிஞ்சிடுச்சி."

அன்று அந்தத் தெருவில் இருந்த கர்ப்பிணிகள் எல்லாரும், ஒருத்தி பாக்கி இல்லாமல், புட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒருத்திகூட ரத்தம் கொடுக்கவில்லை. உண்மை தெரிந்தால் யாரும் வர மாட்டார்கள் என்றாரே அந்த மூன்று பேனாக்காரர், அவர் மட்டும்தான் அந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. இரண்டாவது ஊசியைப் போட வேலூர்த் தோழி ஒரு நர்ஸை அனுப்ப ஒத்துக்கொண்டாள்.

காலிக் குழாய்களோடு பம்பாய் திரும்பினேன். டைரக்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அத்தனை தூரம் போய் வந்ததற்கு இதுதானா?" என்று கேட்டார். மருந்து உறைந்துபோனதைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததைப் படிக்கக்கூட இல்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். கட்டுரை வெளிவந்தது. நெசவாளிப் பெண்களின் உடம்பு தடுப்பூசியை ஏற்பதில்லை என்று இன்றைக்கும் எங்கோ ஒரு நூலகத்தில் அச்சில் இருக்கிறது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில மாதம் கழித்து லீவு போட்டு, என் சொந்தச் செலவில் மறுபடி ஆரணிக்குப் போனேன். மேற்பார்வையாளர் அங்கே இல்லை. பதவி உயர்வு கிடைத்துச் செய்யாறுக்குப் போய்விட்டாராம். அவரை வழியனுப்ப மாலை மரியாதையெல்லாம் நடந்ததாம். ஜீப்பையும் கூடவே கொண்டுபோனாரா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

சுலோச்சனாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் போனபோது அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. என்ன தொண்டை! தறிச் சத்தத்தையும் மீறித் தெருமுனைவரை கேட்டது. மாமியார் என்னைப் பார்த்ததும் பாயைத் தட்டிப் போட்டு, ராகி முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். முருகேசன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து கும்பிட்டான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நன்றி சொல்லப் போகிறார்கள், பரவாயில்லை என்று மறுக்க வேண்டும் என்றெல்லாம் உள்ளுக்குள் தயாராகிவிட்டேன்.

சுலோச்சனா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழுகை அடங்கியது.

"இது இருக்குதுங்க" என்றாள். "அதே தறி. அதே எடத்துலதான் பெத்தேன். அதே ஒடம்பு. நல்ல ஊசி போட்டீங்க, இருக்குது. அப்ப, அன்னிக்கி நல்ல ஊசி போட்டிருந்தா, அவனும் இருந்திருப்பான். இல்லிங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"அதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

மாமியார் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். சுலோச்சனா அதைத் தன் கையால் தள்ளி வைத்தாள். "அவங்க சாப்பிட வரல. பதில் சொல்லட்டும்" என்றாள்.